கிராதியில் ஓர் ஆள் இடம்

எங்கள் ஆலயத்துத் திருவிருந்து மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை இருபத்திரண்டு வருஷம் ஒரே ஆள்தான் துவைத்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் வந்து வாங்கிக்கொண்டு போவான். மறுநாள் காலை ஆராதனைக்கு முன்னால் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவான். ஆனால் அந்தத் துணியின்மேல் வைத்த அப்பத்தை மட்டும் அவன் தொட்டதில்லை.

அவன் எனக்குச் சின்னம்மா மகன், என்னைவிட நாலு வயது இளையவன். அவனுக்குப் பின்னால் ஆறு வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். மூத்தவனைப் பெரியவன் என்போம், இளையவனைச் சின்னவன் என்போம். பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்கு அறை, அந்தப் பக்கம் சுத்த அறை. பெரிய பெரிய துவைக்கும் இயந்திரங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு அறையிலும் நிற்கும். ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளை அழுக்கு அறையிலிருந்து உள்ளே போட்டால், வெளுத்ததைச் சுத்த அறைப் பக்கத்துக் கதவு வழியாக எடுப்பார்கள். அழுக்கு அறையில் நிற்கிறவனைச் சுத்த அறையில் நிற்கிறவன் பார்க்க முடியாது. ஸ்விட்ச் பலகை இருந்தது சுத்த அறையில்.

வாரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஆள் இறங்கி, சிக்கிக் கிடக்கிற நூலையும் கிழிசலையும் வழித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எங்கும் எழுதிவைத்ததில்லை. பெரியவன்தான் கொண்டுவந்தான். உள்ளே இறங்குகிறவன் பலகையிலிருந்து அந்த இயந்திரத்துப் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கட்டை இல்லாவிட்டால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இயந்திரம் சுற்றாது. வேலை முடிந்து வெளியே வந்தவன் தன் பையிலிருந்து எடுத்துத் தானே மாட்டுவான். பதினாலு வருஷம் அங்கே யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

சின்னவன் வாயாடி. உள்ளே இறங்குகிறபோதெல்லாம், "மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வரேன், யாரும் தேடாதீங்க" என்பான். "போ போ, அங்கயாவது உனக்குச் சோறு போடறாங்களான்னு பாக்கலாம்" என்பான் பெரியவன். அவன் பேசுகிற பேச்சே அவ்வளவுதான்.

அந்த நாள் காலை பதினொரு மணி இருக்கும். சின்னவன் முறை. கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டான். அது பை வழியாக நழுவித் தரையில் விழுந்தது. பையில் ஓட்டை.

"அண்ணே, பை கிழிஞ்சிருக்கு. நீ வச்சுக்க."

பெரியவன் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். சின்னவன் சுவரைச் சுற்றிக்கொண்டு அழுக்கு அறைக்குப் போனான். மாமியார் வீட்டுப் பேச்சு சுவருக்கு அப்புறமிருந்து கேட்டது. அதற்கப்புறம் அடுத்த இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பெரியவனைக் கூப்பிட்டார்கள். அதைச் சரி செய்து நிமிர்வதற்குள், "ஆபரேஷனுக்கு விரிப்பு இல்லைன்னு ஆள் அனுப்பியிருக்காங்க, என்ன பண்றீங்க எல்லாரும்?" என்று மேஸ்திரி வாசலில் நின்று கத்தினார்.

பெரியவன் பையைத் தொட்டுப் பார்த்தான். கட்டை பையில் இருக்கிறது. தான் வெளியே நிற்கிறோம். பதினாலு வருஷமாக அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே போய்விட்டு வந்தாயிற்று, வேலை முடிந்தது. மனசு யோசிப்பதற்கு முன்னால் கை போய் மாட்டிவிட்டது. அதே கை பொத்தானையும் அமுக்கியது.

அதற்குமேல் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. தம்பியை வெளியே எடுத்ததும் அவன்தான். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் அவனை ஒரு வார்த்தை கடிந்து கேட்கவில்லை. அதுதான் அவனை உள்ளுக்குள் கொன்றது. வீட்டுக்கு வந்து தன் சட்டைகளையெல்லாம் எடுத்துப் போட்டு, பைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினான். அதற்குப் பிறகு பை வைத்த சட்டை அவன் போட்டு நான் பார்த்ததில்லை.

சின்னவன் பெண்சாதிக்கு அப்போது ஐந்தாம் மாசம். மூன்றாம் நாள் அவன் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் போனான். அதற்காகவே போனான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அவளோ, "அத்தான், சாப்பிட்டீங்களா?" என்றாள். அவன் படி ஏறவில்லை.

"நான் உங்களை மன்னிச்சிட்டேன் அத்தான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதீங்க. சொல்றப்போ வலிக்குது."

அவன் செருப்பைக்கூட மாட்டாமல் திரும்பி நடந்தான்.

அன்று தொடங்கியது. அவள் கேட்காமலே தண்ணீர் பிடித்து வைப்பான். கூரை ஒழுகினால் அவள் எழுவதற்குள் ஏறி அடைத்திருப்பான். குழந்தை பிறந்தது, பெண். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் பெரியப்பன், தூக்கிக்கொண்டு வந்ததும் பெரியப்பன். தனக்கென்று பெண் பார்க்க விடவில்லை. நான் இரண்டு இடம் பேசிவைத்தேன். "அக்கா, இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான். ஆலயத்துத் துணியைத் துவைக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டதும் அந்த வருஷம்தான். ஆராதனைக்கு வருவான், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பான். திருவிருந்துக்குக் கூப்பிடும்போது வெளியே போய்விடுவான்.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம். திருவிருந்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக்கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். சின்னவன் பெண்சாதி மகளோடு போய் முழங்காலிடும்போது, தனக்கு வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விடுவாள். புருஷனுக்கு என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். "செத்தவர் ஆண்டவரோட பந்தியில உட்கார்ந்திருக்கார், அவருக்கு எதுக்கு இங்க இடம்? இது அத்தானுக்கு" என்றாள். மாதா மாதம் விட்டாள். அப்பத் தட்டோடு வருகிற போதகர் அந்த இடம் வந்ததும் ஒரு மூச்சு நிற்பார். பிறகு நகர்வார்.

அந்தப் போதகர் ஒருநாள் துணி வாங்குகிற சாக்கில் பெரியவனின் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன்.

"ஏன்ப்பா, பந்திக்குத் துணி வெளுக்கிறே. பந்திக்கு மட்டும் வரமாட்டேங்கறே. சமையல்காரனுக்குப் பசிக்காதா?"

"எனக்கு அந்தத் தகுதி இல்லைங்க ஐயா."

"யாருக்கு இருக்கு? எனக்கா? நான் யாருன்னு என் வீட்டுக்காரியைக் கேளு, சொல்லுவா." அவன் சிரிக்கவில்லை. போதகர் குரலைத் தணித்தார். "இத்தனை வருஷமா வெளுக்கிறியே. தன்னைத் தானே துவைச்சுக்கிட்ட துணி ஒண்ணு பாத்திருக்கியா? கிருபைன்னா அவ்வளவுதான்ப்பா. ஆண்டவர் துவைக்கிறார். நாம அவர் கைக்கு வந்தாப் போதும். அவர் செஞ்சதை நம்பி வர்றவனுக்குத்தான் இரட்சிப்பு. வேலை செஞ்சு முடிச்சவனுக்கு இல்லை."

பெரியவன் தேய்த்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"துணிக்கு ஞாபகம் கிடையாதுங்க ஐயா."

போதகர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம். பிறகு சின்னவன் பெண்சாதி படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லும்மா. என்ன வாங்கிட்டு வரணும்?"

"ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க. ஒரு தடவையாவது வெறுங்கையோட வாங்க. ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல வந்து முழங்கால் போடணும். அவ்வளவுதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது மட்டும் கேக்காதம்மா. என் கையால..."

"எனக்குத் தெரியும், உங்க கைதான். அந்தப் பை ஏன் கிழிஞ்சபடியே இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். நானும் விசிறியை நிறுத்தினேன்.

"ரெண்டு நாளா தைச்சுக் குடு, தைச்சுக் குடுன்னு கேட்டார். எங்க அம்மா வீட்டுக்குப் போற விஷயத்துல எனக்கும் அவருக்கும் சண்டை. பேச்சே இல்லை. ஊசியும் நூலும் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. வீம்புக்கு உக்காந்திருந்தேன். அன்னைக்குக் காலையில அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, 'கிழிஞ்ச பையோட போறேன் பாருடி'ன்னு சிரிச்சுட்டுப் போனார். நான் திரும்பிக்கூடப் பாக்கலை."

"ஐயோ, இதை ஏம்மா இத்தனை நாளா..."

"உங்ககிட்ட சொல்லலை. ஆண்டவர்கிட்ட சொன்னேன். அடக்கம் முடிஞ்ச ராத்திரியே சொன்னேன். அவர் சிலுவையில சிந்தின ரத்தம் எனக்கும்தான்னு நம்பினேன், அத்தான். நம்பறதைத் தவிர எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை. விடிஞ்சப்போ மூச்சு விட முடிஞ்சது. எனக்குக் கிடைச்சதுல இருந்து பிச்சுத்தான் மூணாம் நாள் உங்களுக்குக் குடுத்தேன். நீங்க வாங்கவே இல்லை. உங்களுக்கு அது பத்தலேன்னா, எனக்கு மட்டும் எப்படிப் பத்தும்? சொல்லுங்க. நான் பொய்யை நம்பிக்கிட்டா சாகப்போறேன்?"

அவள் காலைத் தொட்டுவிட்டு எழுந்து போனான்.

அந்த ஞாயிறு அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் மேசைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றான். நேரம் வந்தது. அவளால் முழங்காலிட முடியாது. நாற்காலியைக் கிராதியோடு சேர்த்துப் போட்டோம். மகள் இடப்பக்கம். வலப்பக்கம் இடம். அவள் கழுத்தைத் திருப்பி, அத்தனை பேர் பார்க்க, வெறும் மரத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள். வா, உட்கார் என்று குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி.

அவன் வந்தான். பாதி வழி வந்தான். நடுவில் நின்றான். தன் கைகளைப் பார்த்தான். திரும்பி வெளியே போய்விட்டான்.

போதகர் அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றார். பிறகு நகர்ந்தார்.

வெளியே குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் நான் போய்ச் சீறினேன். "நீயெல்லாம் மனுஷனாடா? சாகக் கிடக்கிறவ கூப்பிடறா. நாலடி நடக்க முடியலையா உனக்கு?"

"அடுத்த மாசம்க்கா. மனசைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டு, கண்டிப்பா அடுத்த மாசம்."

அவள் பதினோராம் நாள் போய்விட்டாள். கடைசியாக மகளிடம் சொன்னது, "இடம் விடு" என்பதுதான்.

அடக்கம் முடிந்து வந்ததும் அவன் அவள் படுத்திருந்த விரிப்பைச் சுருட்டி எடுத்தான், துவைக்க. மகள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வேண்டாம் பெரியப்பா. நான் பாத்துக்கறேன். நீங்க உக்காருங்க." எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அவன் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, தம்பி செத்ததுக்காவது காலம் பூரா உழைச்சேன். இதுக்கு என்னக்கா செய்வேன்? கூப்பிட்டா, போகலை. இதுக்கு எந்தக் கூரையை அடைக்கிறது?"

எனக்குப் பிரசங்கம் சொல்லத் தெரியாது. "ஒண்ணும் செய்ய முடியாதுடா" என்றேன். அவன் அழுதான். தம்பி செத்தபோது அழாத அழுகையும் அதில் சேர்ந்து வந்தது.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கு அவன் துணி வாங்க வரவில்லை. மகளே துவைத்தாள். அந்தப் பிள்ளைக்கு இஸ்திரி வராது. மேசையில் துணி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது. ஓரத்தில் நீலம் திட்டாக நின்றது. அவள் தனியாகப் போய்க் கிராதியில் முழங்காலிட்டு, வலப்பக்கம் இடம் விட்டாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து அவன் நடந்து வந்தான். இந்தத் தரம் கையைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் முழங்காலிட்டான். போதகர் பழக்கத்தில் அங்கே நின்றார். நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரியவனின் கைகள் மரத்தின்மேல் இறுகிக் கிடந்தன.

"கையை நீட்டுங்க பெரியப்பா" என்றாள் மகள்.

நீட்டினான்.

"உனக்குத்தான்ப்பா" என்றார் போதகர்.

அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு அவன் இடப்பக்கம் திரும்பினான். மகள் இருந்தாள். போன மாதம் அவள் பக்கத்தில் நாற்காலியில் இருந்தவள் இல்லை. குனிந்து, நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டான். அடுத்த வரிசை ஆட்கள் வந்து பின்னால் காத்திருந்தார்கள். யாரும் அவனை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தான். மாதா மாதம் கிராதிக்குப் போனான், வெறுங்கையோடு. மகள் துவைத்த துணியைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. தம்பி பேரை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினான். மாமியார் வீட்டுக் கதையைத் தானே சொல்லிச் சிரித்து, சிரிப்பின் நடுவில் நிறுத்திக்கொள்வான். மன்னிப்பு கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கே கிடைச்சிருச்சுக்கா, மூணாம் நாளே. நான்தான் வாங்கிக்க இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கிட்டேன். அவ இருக்கறப்ப வாங்கியிருக்கலாம்" என்றான்.

கிராதியில் முழங்காலிடும்போது மகளுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விடுவான். அவனை அடக்கம் செய்த அன்று போட்டிருந்த சட்டையிலும் பை இல்லை.