எலி வராத வண்டி

கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் ஒரு மடிப்பு வண்டி இருக்கிறது. தங்கள் நாட்டுக்கே திரும்பிய ஒரு வெளிநாட்டுத் தம்பதி விற்றுவிட்டுப் போனது. மூடியிருக்கும்போது இடுப்பளவு உயரமுள்ள பெட்டி. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், இரு பக்கமும் படுக்கைப் பலகைகளை இழுக்கலாம், கன்வஸ் துணி சுவராக நிமிரும். வேனுக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு விடுமுறைக்குப் போவோம். அதை ஓட்டுவது என் கணவரின் வேலை, சுத்தமாக வைத்திருப்பது என்னுடையது.

மடிகிற வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. மடிக்கும்போது உள்ளே எது இருக்கிறதோ அது அடுத்த முறை திறக்கும்வரை அங்கேயே இருக்கும். ஒரு பலா இலை மடிப்புக்குள் அகப்பட்டால் துணியில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். பிஸ்கட் தூள் சிந்தினால் எறும்பு வரும், எறும்பு போனாலும் கரப்பான் தங்கும். எலிதான் மோசம். மெத்தைப் பஞ்சைக் குடைந்து குட்டி போடும், துணியை நறுக்கும். அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டியை முற்றத்தில் திறந்து காயவைத்து, மடிப்பு மடிப்பாகத் தூரிகையால் தட்டி, பிறகுதான் மூடுவேன். என் கணவர் கடைத்தெருவில் சிறிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். "கடையில விக்கிற பிரஷ்ஷ விட வீட்டுல தேயிற பிரஷ் அதிகம்" என்பார்.

கடைசிப் பயணத்துக்குப் பிறகு, எலியை ஒரேயடியாக நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். வண்டி முற்றத்தில் திறந்து காய்ந்துகொண்டிருந்தபோது அடியில் படுத்துப் பார்த்தேன். வயர் போகும் துவாரம், தண்ணீர்க் குழாய் வரும் துவாரம், சக்கரத்துக்கு மேலே துருப்பிடித்த ஒரு பொத்தல். எல்லாவற்றிலும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து, மேலே கம்பி வலை வைத்துத் திருகாணி முடுக்கினேன். துணியை உதறி மடித்து, கூரையை இறக்கிப் பூட்டினேன். அன்று உள்ளே எதுவுமில்லை. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு எலிப் புழுக்கையே கண்ணில் படவில்லை. வண்டியின் மேல் மட்டுமல்ல, கொட்டகைத் தரையிலும் இல்லை. பழைய சாக்குகளுக்குப் பின்னாலும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வண்டியின் துவாரங்களை அடைத்தால் கொட்டகையிலிருந்த எலி ஏன் போக வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கலஹாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் மகளுக்கு நான்கு வயது. பல நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தாள். தெல்தெனியவுக்குப் போய் அணைத் தண்ணீரைப் பார்க்க வேண்டும், வண்டிக்குள் தூங்க வேண்டும் என்று அவள் ஆஸ்பத்திரியிலேயே அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். "சனிக்கிழம காலையில வந்து எடுத்துக்கிறேன்க்கா" என்றான்.

புதன்கிழமை காற்றுப் பட வண்டியை முற்றத்துக்குத் தள்ளித் திறந்தோம். கூரை ஏறியது. குழந்தை படுக்க வேண்டிய பக்கத்துப் பலகையை என் கணவர் இழுத்தார். துணி மடிப்பு விரிந்தபோது மெத்தைக்கும் துணிக்கும் இடையிலிருந்து ஏதோ வழுக்கி என் காலருகே விழுந்தது. கழற்றிப் போட்ட சட்டை. என் கையின் நீளத்தைவிட அதிகம். பழைய சட்டை தொட்டால் சருகு போல நொறுங்கும், இது மிருதுவாக, கொஞ்சம் ஈரமாகக்கூட இருந்தது. தலைப் பகுதி மட்டும் இல்லை. ஆகவே எந்த வகை என்று தெரியவில்லை.

என் கணவர் வீட்டு எல்லைக்குள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார். அவர் வீட்டில் எல்லாரும் அப்படித்தான்.

"பூச்சி சட்ட" என்றார்.

"எப்படி உள்ள வந்துச்சு?"

"அத ஏன் எங்கிட்ட கேக்குற? கதவு, ஜன்னல், பூட்டு எல்லாம் நீதானே."

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டே வழிகள். எனக்குத் தெரியாத ஒரு துவாரம் இன்னும் இருக்க வேண்டும். இல்லையென்றால், வண்டி காய்ந்துகொண்டிருந்தபோதே அது திறந்த கதவு வழியாக ஏறி எங்காவது ஒதுங்கியிருக்க, நான் ஒவ்வொரு துவாரமாக அடைத்து அதை உள்ளே வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். எப்படி வந்திருந்தாலும், அதற்கு இரையாகியோ அதன் வாடைக்குப் பயந்தோதான் கொட்டகை எலிகள் காணாமல் போயின என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மெத்தைகளை நீண்ட கம்பால் இழுத்து வெளியே போட்டோம். அலுமாரிக் கதவுகளைத் திறந்து டோர்ச் அடித்தோம். பெருங்காயம் கரைத்த தண்ணீர் தெளித்தோம். ஒன்றும் அசையவில்லை. பார்க்க முடியாத இடங்கள் இரண்டு மிஞ்சின: தரைப் பலகைக்குக் கீழே உள்ள பொந்து, கூரைக்கும் அதன் உள்தகட்டுக்கும் இடையே உள்ள வெளி. இரண்டையும் வெட்டினால்தான் பார்க்கலாம். புகை போடலாமா என்று கேட்டேன். "போட்டா வெளியதான் வரும்னு யார் சொன்னா? இன்னும் உள்ளுக்கு போகும்" என்றார். மருந்து வைப்பதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒருவேளை படமெடுக்கும் நல்லதாக இருந்தால் அவர் அதைச் சாக விடமாட்டார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. முன்பெல்லாம் வண்டியைத் திறந்து போட்ட முதல் இரவே எலி வந்துவிடும். பூச்சி இருக்கும் இடத்துக்கு எலி வராது. எலி வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். சக்கரத்துக்கு மேலே நான் அடைத்த பொத்தலைத் திறந்தேன், இரும்பு நாரைப் பிடுங்கி எறிந்தேன். கதவையும் திறந்து விட்டு, தரையின் நடுவே சுட்ட தேங்காய்த் துண்டு ஒன்றை வைத்தேன்.

"எலி வரணும்னு வேண்டிக்கிறியா?" என்றார் கணவர்.

"ஆமா."

"இத்தன வருஷம் வெரட்டின. இப்ப வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற. அது யோசிக்கும்ல."

சிரிக்க முடியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் தேங்காய் அப்படியே இருந்தது. பல் பட்ட அடையாளமே இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். எறும்புகூட வரவில்லை, அது பெருங்காயத்தால் இருக்கலாம். பகலில் சமையலறை ஜன்னல் வழியே பார்ப்பேன். காற்றில்லாத நேரத்தில் ஒரு பக்கத்துத் துணி மட்டும் மெல்ல உப்பி அடங்குவது போலிருக்கும். வெளியே போய் நின்று பார்த்தால் அசைவிருக்காது. சட்டை கிடந்ததையும் தேங்காயை எலி தொடாததையும் தம்பிக்கு வெள்ளிக்கிழமை மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "சட்டயப் போட்டுட்டு போயிருக்கும்க்கா. அது என்ன வாடகைக்கா இருக்குது?" என்றான். குழந்தை ஏற்கனவே பையை அடுக்கிவிட்டாளாம்.

சனிக்கிழமை விடிந்தபோதும் தேங்காய் முழுதாகக் கிடந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய வேனில் தம்பி, மனைவி, மகளோடு வந்து சேர்ந்தான். குழந்தையின் கை கால்கள் மெலிந்திருந்தன. இறங்கியதும் ஓடிப்போய், வேனில் கொழுவும் இரும்புத் தண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வண்டி தர முடியாது" என்றேன்.

"அக்கா, ஒங்க வீட்டுக்கு எலியே வராது. வந்தா கால் கழுவச் சொல்லுவீங்கன்னு பயம்." மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். "தேங்காயக் காட்டி என் புள்ளைய ஏமாத்தாதீங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எலிகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அது போயிருக்கலாம், அதனாலேயே தேங்காயைத் தொட ஆளில்லாமல் இருக்கலாம். அந்தத் தேங்காயால் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் குழந்தையை அந்தப் பலகையில் படுக்க வைக்க முடியாது என்றேன். என் கணவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. தானே படுக்கைப் பலகைகளை உள்ளே தள்ளி, துணியைச் செருகி, கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். கூரை கிறுக் கிறுக்கென்று இறங்கியது. பாதி உயரத்துக்கு வந்திருக்கும், ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, குக்கரின் வெயிட்டைத் தூக்கிப் பிடித்தது போல. அவன் கையை நிறுத்தினான். சத்தம் நின்றது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். மறுபடியும் வந்தது, முன்பைவிடப் பலமாக.

"மச்சான், டயர்ல காத்து போகுது" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுக் குனிந்தான்.

ஒரு கை கைப்பிடியில் இருக்க, மறு கையால் டயரை அழுத்தினான். எங்களுக்குத் தெரியும்படி மறுபடியும் அழுத்தினான். டயர் கல் போல இருந்தது. அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே, நான் திறந்து விட்ட பொத்தல்.

"மாப்பிள்ள" என்றார் என் கணவர். குரலை உயர்த்தவில்லை. "நிமிராதீங்க. அப்படியே பின்னால வாங்க. மெதுவா."

அவன் குனிந்தபடியே நகர்ந்தான். நான் முன்பக்கமாகப் போய்க் குழந்தையைத் தண்டிலிருந்து தூக்கினேன். என் கையில் அவள் கனமே தெரியவில்லை. அவள் அம்மா வேன் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினாள். கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றது. கூரையை இறக்கவோ ஏற்றவோ யாரும் கிட்டே போகவில்லை. தம்பி என்னைப் பார்க்காமல் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தெல்தெனியவில் ஏதாவது அறை எடுத்துத் தங்குவது என்று முடிவானது. வேன் புறப்படும்போது குழந்தை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி அழுதாள். விரலளவு இறக்கினார்கள்.

"அத்தை, காத்து எல்லாம் போய்ருச்சா?"

"இல்லம்மா" என்றேன். "இன்னும் உள்ளதான் இருக்கு."