தபால்காரர் மேல் நான் எழுதிய பெட்டிசன்

பத்தொன்பது வயதில், விசாரிக்காமலே ஒரு நல்ல மனிதர் மேல் நான் பழி போட்டேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்கே போகும். ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. தபால்காரர் கடிதத்தை வைத்துக்கொண்டார் என்று அழுதுகொண்டே தபால் மேலதிகாரிக்குப் பெட்டிசன் எழுதிப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் தபால்காரர் ஹனீபா எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, காயிதம் வந்த அண்டைக்கே ஆபீஸ்ல குடுத்திட்டேன். அங்கதான் கெடந்தீக்கி," என்றார்.

"அப்ப ஏன் இங்கயே கொண்டாந்து தரல?"

"லயத்துக்கு இலக்கமில்ல. ஆபீஸ்ல குடுக்கத்தான் சட்டம். ரோட்டுக் கடைக்கு இலக்கம் ஈக்கி. இனி அந்த விலாசத்தப் போடுங்க. கடக்காரர்ட்ட நான் பேசிட்டேன்."

என் பெட்டிசனால் அவர் மூன்று தடவை விசாரணைக்குப் போய் நின்றதைக் கடைக்காரர்தான் பிறகு சொன்னார்.

அடுத்த வருடம் வேலைக் கடிதம் அந்தக் கடைக்கே வந்தது. ஹனீபா நானா கையாலேயே வாங்கினேன்.

"நானா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. பிரிச்சிப் பாருங்க," என்றார்.

கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தேன். ஒரு பிள்ளை மேல் யார் குறை சொன்னாலும், முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன்.