எல்லாரும் அவசரம், ஒருத்திதான் அக்கா

என் அக்கா மட்டும் வரிசை வைக்காமல் விட்டிருந்தால், சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் முண்டியடித்து வந்து வானமே நெரிசலாகியிருக்கும்.

அவள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வைஃபை கன்ட்ரோலரைப் பார்த்துக்கொள்கிறாள். எந்தத் தகவல் முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்வதுதான் வேலை. வீட்டில் குளியலறைக்கும் அவள்தான் வரிசை வைப்பாள். நான் எப்போதும் கடைசி.

கிடங்கில் தடித்த கையுறையோடு திரையைத் தொட முடியாது. எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று ஹெட்செட்டில் ஒரு குரல் சொல்லும். குரல் அறுந்தால், ஆள் உறைபனியில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்பார். ஒரு வாரமாக இதே கூத்து.

"இன்னைக்கும் அறுந்தா ஹெட்செட்டெல்லாம் குப்பைக்குத்தான். நீயும் வேற வேலை பாத்துக்கம்மா" என்றார் மேலாளர்.

எனக்கென்ன, பள்ளி லீவு. கிடங்கில் அவள் அறை மூலையில் இயர்போன் மாட்டி கேம் ஆடிக்கொண்டிருந்தேன்.

அக்கா கன்ட்ரோலரின் அமைப்புகளைத் திறந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவிங்களா, எல்லாருமா அவசரம்?"

இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் கேட்டவருக்கெல்லாம் முதலிடம் கொடுத்திருந்தார். கேமரா, பிரிண்டர், மேலாளரின் வீடியோ மீட்டிங் எல்லாமே முதல் ஆள். அப்புறம் வரிசை ஏது? ஹெட்செட்டுகளைத் தவிர அத்தனையையும் பின்னால் தள்ளினாள்.

மேலாளர் ஓடி வந்தார். "என் மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுதாம்!"

"உங்க மூஞ்சி கொஞ்சம் காத்திருக்கட்டும் சார். உள்ள இருக்கிறவங்க உறைஞ்சிருவாங்க."

அப்போதே ஸ்பீக்கரில் கிடங்கு மேஸ்திரி கத்தினார்: "அம்மாடி, குரல் காதுக்குள்ள உக்காந்து பேசுது! இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாச்சு, ஒரு எழுத்து விடல!" பின்னால் ஒரே விசில்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, ஹெட்செட்டும் இருக்கட்டும், நீயும் இரும்மா."

அவர் போனதும் அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். "முதல் வரிசையில 'உறைகோழி'ன்னு ஒரு ஹெட்செட் இருக்கே. உன் போனைத்தானே ஹெட்செட்னு சேர்த்து வச்சிருக்கே?"

"கேமுக்கு வேகம் வேணும்னு..." என்று இழுத்தேன்.

"கேமாம் கேம்! காலையிலேர்ந்து உன் போனுக்கு வந்ததெல்லாம் கிடங்குக் குரல்தான். அறுந்துருமோன்னு என்னைவிட நீதான்டா பயந்திருக்கே."