முப்பத்தாறு புள்ளி எட்டு

என் அலமாரிக் கோப்பில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. பதினான்கு நாளுக்குப் பதினான்கு கட்டங்கள். மாத்திரை விழுங்கியதற்கு ஒரு கோடு, அதன் கீழே அன்றைய உடம்புச் சூடு. அந்த அட்டை என் கைக்கு வந்தபோது எல்லாக் கட்டத்திலும் 36.8 என்று ஒரே சாய்வில் எழுதியிருந்தது. இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதித் தந்ததில்லை என்று மனசுக்குள் பாராட்டினேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம்.

அட்டையைக் கொண்டுவந்தவர் மண்டோர் ஐயா. சுவா ஊர்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், நான் சின்னவளாக இருந்தபோது ஆள்களை வேலைக்கு அனுப்பியவர். பல வருடம் கழித்து ரத்தப் புற்றுநோயோடு சிரம்பானில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். புது மாத்திரை ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் நான் தாதி. அந்த மாத்திரை வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். முப்பத்தெட்டைத் தொட்டால் உடனே போன் செய்யுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார்.

அட்டையை நீட்டும்போது அவர் விரல் என் கையில் பட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. தெர்மாமீட்டர் 39.6 காட்டியது. மருத்துவர் ஓடி வந்தார். எத்தனை நாளாக என்று நான் கேட்டதற்கு, "நாலு நாளா மிஸி. சொன்னா பேர வெட்டிருவீங்களோன்னு பயம்லா. இத விட்டா எனக்கு வேற மருந்து இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்றார்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அடிக்கடி வராதவர்களின் பேரை, கணக்கு எழுதும் கிராணி வெட்டிவிடுவார். காய்ச்சலில் கிடக்கும் பெண்களை, வந்ததாகவே எழுதிக் காப்பாற்றியவர் இந்த மண்டோர். என் அம்மா ஒரு வாரம் லயத்து வீட்டில் சுருண்டு கிடந்தபோதும், மரம் வெட்டிப் பால் எடுத்ததாகத்தான் அவருடைய புத்தகம் சொன்னது. அம்மா அதைச் சொல்லாத நாளில்லை. பட்டணத்தில் வளர்ந்த மருத்துவருக்கு அந்த 36.8 புரியாமல் போகலாம். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பேர் போட்டவர், தனக்கும் போட்டுக்கொண்டார்.

வார்டில் சேர்த்த பிறகு அவர் கட்டில் பக்கத்தில் குனிந்து, "காய்ச்சல் வந்தா பேர வெட்ட மாட்டாங்க ஐயா. அதத் தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே" என்றேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, பொண்ணு."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போன் செய்யச் சொன்னேனே தவிர, செய்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவேயில்லை. மறுநாள் காலை அட்டையைக் கேட்டு வாங்கினார். ஆராய்ச்சித் தாளில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடைசி நான்கு கட்டங்களைத் திருத்தினார். 38.1, 38.4, 38.9, 39.2. அதற்கடுத்த நாள் மத்தியானம் போய்விட்டார்.

அந்த நான்கு எண்களைப் பார்த்த பிறகுதான் வாரத்தின் நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனையும், ஒவ்வொரு நோயாளிக்கும் தினம் ஒரு போனும் வந்தன. போன் போடுவது என் வேலை. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவேன். யார் எடுத்தாலும் முதலில், காய்ச்சல் வந்தால் பேரை வெட்ட மாட்டோம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். சொல்வதை நம்புகிறார்களா என்று மட்டும் எனக்குத் தெரிவதில்லை.

போன வாரம் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு பெண், ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் நேராக வந்து அட்டையைத் தந்தாள். பதினான்கு கட்டத்திலும் 36.7. அட்டையை மேசையில் போட்டுவிட்டு, சூடு இருக்கிறதா என்று பார்க்க அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"என்னாச்சு மிஸி? உங்க கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"