காப்புக் கட்டியவனுக்கு பூட்ஸ் எதற்கு?

ஆத்தாளை நம்பி வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நான் பந்தாடிச் சம்பளம் வாங்குகிறவன். முன்பு இப்படிச் சொல்லியிருந்தால் என் அம்மாவே சிரித்திருப்பாள்.

1926-ல் ரங்கூனில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தேன். எங்கள் கால்பந்து அணிக்குப் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. ஹாஸ்டல் சமையல்காரர்தான் கோல் காத்தார். அந்த வருஷம் என் முழங்கால் பிசகியது. இனிமேல் ஓட முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். ஆற்றோரம் அலோன் படகுத்துறையில் அப்பாவோடு மூட்டை தூக்கக்கூட அந்தக் கால் உதவாது. தேம்பித் தேம்பி அழுதேன். "ஆத்தா, காலைக் கொடு. ஆடியில் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வீக்கம் மெல்ல வற்றியது. மறுபடி ஓடினேன்.

சொன்னபடி ஆடியில் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்பு கையில் இருக்கும்வரை காலில் தோல் செருப்பு ஏறக்கூடாது, உங்களுக்கே தெரியும். அப்போது பார்த்தா அழைப்பு வரவேண்டும்? ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற துறைமுகத்து அணி, தீமிதிக்கு முந்தின நாள் பெரிய கல்லூரி அணியோடு எங்களை ஆடவிட்டுப் பார்த்து ஆள் எடுக்கிறதாம்.

எங்கள் காப்டன் கோ மியா பர்மாக்காரர், பஜார் தமிழ் பேசுவார். "தம்பி, காப்பு கழட்டு, பூட்ஸ் போடு. ஆட்டம் முடிஞ்சு திரும்பக் கட்டு."

அம்மா விடவில்லை. "அவ குடுத்த கால வச்சுக்கிட்டு அவளையே ஏமாத்துவியாடா?"

"பந்துகூடத் தோல்தானேம்மா!" என்றார் கோ மியா.

"அது உதைக்கிறதுக்கு. போட்டுக்கிறதுக்கா?"

வெறுங்காலோடு போவதென்று முடிவாயிற்று. ஈரப்புல்லில் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸ்காரன் ஊன்றி நிற்பான். அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "மழை மட்டும் வேண்டாம், ஆத்தா."

ஆட்டம் தொடங்கும்போதே பிடித்துக்கொண்டது மழை. வழுக்கி விழுந்தேன். பெரிய கல்லூரிப் பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! இதற்கா காலைக் கொடுத்தாய் என்று ஆத்தாளோடு சண்டையே போட்டேன். மழை நிற்கவில்லை, இன்னும் கொட்டியது. பாதி ஆட்டத்துக்குமேல் புல்லே தெரியவில்லை, மைதானமெல்லாம் கணுக்கால் ஆழச் சேறு.

பூட்ஸ் போட்டவர்கள் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். ஒருவனுக்கு பூட்ஸே சேற்றோடு நின்றுவிட்டது. எனக்கு அந்தச் சேறு புதிதா? அலோன் கரையில் தண்ணீர் இறங்கினதும் வண்டலில் பந்தாடி வளர்ந்தவன் நான். பந்தை எடுத்தேன், ஓடினேன், அடித்தேன். கோல்! கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

ஆள் எடுக்க வந்த துரை குடையோடு சேற்றில் இறங்கி வந்து என் காலையே பார்த்தார். கோ மியா குதித்தார். "தம்பி, நாளைக்கே வான்னு சொல்றாரு!"

"நாளைக்கு முடியாது. தீ மிதிக்கணும். நாளன்னைக்கு வரேன்னு சொல்லுங்க."

துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்று அவள் என் பேச்சைக் கேட்டு மழையை நிறுத்தியிருந்தால், உலர்ந்த புல்லில் நானும் பத்தோடு பதினொன்றாக ஓடிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நீங்களும் கவலையை அவளிடம் சொல்லுங்கள், வழியை அவளிடமே விட்டுவிடுங்கள். அணியில் எனக்கு பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், நல்ல பூட்ஸ். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அதை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, அதே வெறுங்காலோடுதான் அவள் முன்னால் போய் நிற்கிறேன்.