ஒரு மணி நேரத்தில் கறுத்த மருதாணி

சிங்கப்பூரில், செங்காங்கில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறேன். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கென்று முதன்முறையாக ஒரு புகைப்படக்காரரை ஏற்பாடு செய்திருந்தேன். கை காட்டச் சம்மதித்தவள் என் தங்கை ரேவதி.

நான் குழைக்கும் மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். நன்றாகச் சிவக்க இரண்டு நாளாகும். தங்கைக்கோ தஞ்சோங் பகார் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. படம் எடுக்கும் நாள் காலையில்தான் வந்தாள். படத்தில் நிறம் எடுக்காதே என்று பயந்து, லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கறுப்பு மருதாணிக் கோன் வாங்கிப் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தது. "செமையா இருக்கு லா," என்றாள் ரேவதி. புகைப்படக்காரரும் திருப்தியாகப் போனார்.

மறுநாள் மாலை அவள் போன் செய்தாள். "அக்கா, கை நெருப்பா எரியுது. டிசைன் போட்ட இடமெல்லாம் கொப்புளம்க்கா."

கிளினிக்குக்கு ஓடினோம். அந்தக் கோனில் தலைமுடிக்குப் போடும் சாயம் கலந்திருக்கும் என்றார் டாக்டர். தழும்பு மறையுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றவர், அந்தச் சாயம் இவளுக்கு இனி ஒத்துக்கொள்ளாது, ஆயுசுக்கும் இவள் தலைக்குச் சாயமே பூசக் கூடாது என்றார்.

இப்போது நானே குழைத்ததைத் தவிர வேறெதையும் யார் கையிலும் வைப்பதில்லை. உடனே கறுக்க வேண்டும் என்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அன்றைய படங்கள் அழகாகத்தான் வந்திருக்கின்றன. ஒன்றையும் போட மனம் வரவில்லை. நான் வரைந்த மாங்காய்கள் தங்கையின் புறங்கையில் அப்படியே தழும்பாகிவிட்டன. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தால், நான் பார்த்துவிடக் கூடாதென்று அந்தக் கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.