அக்கா எண்ணிய கைகள்

மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அப்போது என் அடையாளமே ஒரு நீல அட்டைதான். அதில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வார்டு வார்டாகப் போவேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் டாக்டரும் நர்ஸும் கை கழுவுகிறார்களா என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. அட்டையின் முனை வாசலில் தெரிந்தாலே போதும், அத்தனை பேரும் குழாயடிக்கு ஓடுவார்கள். நானும் சமர்த்தாக டிக் அடிப்பேன். மாதக் கடைசியில் அந்த டிக்குகளின் மார்க் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறாகி, வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஏறும். வெட்கக்கேடு, எனக்கு அதில் பெருமை வேறு.

தரை துடைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அடையாற்றங்கரைக் குடிசையை இடித்து, ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒருநாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னாமா எழுதிக்கினு கீற? உன் அட்டைய பாத்துதான் அல்லாரும் கை கழுவுறாங்கோ. நீ அந்தாண்ட போனப்புறம் வந்து பாரு.” சிரித்து மழுப்பினேன். எனக்குத் தெரியாததா என்ன?

அந்த வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சர்க்கரை உடம்பு. ஆபரேஷன் செய்த புண்ணில் கிருமி தொற்றினால் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எங்கே சேர்ப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அம்மா அந்த வலியிலும் கேட்டாள்: “ஏண்டி, உன் ஆஸ்பத்திரிலயே சேத்துடேன். நீதானே அதுக்கு மார்க் போடுற?”

நான் போட்ட மார்க்கை நானே நம்பவில்லை. அட்டையை மேசையில் போட்டுவிட்டு நேராக அக்காவிடம் போனேன். “எந்த மாடியிலக்கா நிஜமாவே கை கழுவுறாங்க? எங்கம்மாவுக்குக் கேக்கறேன்.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “மூணாவது மாடில சேத்துடு. அங்க கீற நர்சம்மாங்க யாரு பாத்தாலும் பாக்காட்டியும் கழுவுவாங்கோ. டாக்டருங்கதான் அவசரத்துல மறந்துருவாங்கோ. அத்த நான் பாத்துக்கறேன், நீ பயப்படாத.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது ஆபரேஷனுக்கு மறுநாள் தெரிந்தது. பெரிய டாக்டர் பக்கத்துக் கட்டில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே அம்மாவின் கட்டுக்குக் கை நீட்டினார். வாய் திறக்க வேண்டியவள் நான்தான். பெரிய டாக்டராயிற்றே என்று தயங்கினேன். கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

“டாக்டரே, கை.”

அக்கா ஒப்பந்த ஆள். டாக்டர் முகம் சுளித்தால் மறுநாள் வேலை இருக்காது. டாக்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு போய்க் கழுவிக்கொண்டு வந்து, “தினமும் சொல்லும்மா” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தையல் பிரித்த அன்று புண் காய்ந்து சுத்தமாக இருந்தது. வராந்தாவுக்கு ஓடிப்போய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்படியொரு நிம்மதி. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சரி, உங்கம்மாக்கு நான் சொன்னேன். மத்தவங்க அம்மாக்கு யாரு சொல்றது?” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் என்னை அனுப்பிவிடவில்லை. இப்போது அட்டை கிடையாது; கை கழுவுவதைச் சத்தமில்லாமல் எண்ணுவது துடைப்பவர்களும் சாப்பாட்டு வண்டி தள்ளுபவர்களும்தான். யார், எப்போது என்று எனக்கே தெரியாது. முதல் மாதம் மார்க் பாதாளத்துக்குப் போனது. அதையும் மறைக்காமல் பலகையில் ஏற்றினோம். ஏறி வரச் சில வருஷங்கள் ஆயின. அக்கா மூட்டுவலியால் வேலையை விட்டுவிட்டார். போன் செய்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன் “கழுவுறாங்களா?” என்றுதான் கேட்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் அவள் அம்மாவின் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டாள். நான் யாரிடமும் போய் ரகசியமாக விசாரிக்கவில்லை. “எங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வா” என்றேன். “எந்த மாடியில இடம் கிடைச்சாலும் சரி.”